சாவி மாற்றிய விஷம்

"ஏங் கண்ணு, எலிக்கு மருந்து வைக்கிறதுக்கா பெங்களூரு வரைக்கும் போய்ப் படிக்கணும்? நம்ம அரிசி மண்டியில கேட்டிருந்தா அவங்களே சொல்லிக் குடுத்திருப்பாங்களே."

கேட்டது வாழப்பாடியில் இருக்கும் என் சின்னம்மா. அவர் மகள் பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், "எலி மூளையில ஒரே ஒரு வகைச் செல்லை மட்டும் விஷம் வச்சு எடுத்துருவோம்மா, மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவன் என்பதால் விளக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. சின்னம்மாவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்களுக்கும் இது போதும்.

முதலில், எதற்காக ஒரு செல்லை எடுக்க வேண்டும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி உருக்குகிறவர், கம்பி இழுக்கிறவர், வளையம் கோர்க்கிறவர், பற்றவைக்கிறவர், மெருகு போடுகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. உங்களுக்குக் கொலுசு எப்படிச் செய்கிறார்கள் என்றே தெரியாது. உள்ளே விடவும் மாட்டார்கள். வாசலில் நின்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒரு நாள் பற்றவைக்கிறவர்கள் மட்டும் கல்யாணத்துக்குப் போய்விடுகிறார்கள். அன்று வெளியே வரும் கொலுசெல்லாம் கண்ணி கண்ணியாகக் கழன்று விழுகிறது. சரி, இவர்கள் வேலை கண்ணியை இணைப்பது என்று ஊகிக்கலாம். வராத ஆளை வைத்து அவர் வேலையைக் கண்டுபிடிக்கிற இந்த வழிதான் மூளை ஆராய்ச்சியின் பழைய வழிகளில் ஒன்று.

ஆனால் மூளை மிகப் பெரிய பட்டறை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், இருக்கின்றன. வெள்ளெலிக்கே 20 கோடி. எண்ணிக்கையைக்கூடச் சமாளித்துவிடலாம், அவை கலந்து கிடப்பதுதான் பெரிய தொல்லை. கடுகளவு இடத்துக்குள் பல வகை நியூரான்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பற்றவைக்கிறவரும் மெருகு போடுகிறவரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வது மாதிரி. அதில் ஒருவரை மட்டும் எப்படி எழுப்பி வெளியே அனுப்புவது?

அந்தக் காலத்தில் மெல்லிய கம்பியை மூளைக்குள் இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, அந்த இடத்தையே பொசுக்கினார்கள். இதில் என்ன கோளாறு என்று சின்னம்மாவுக்கு ஏற்காடு மலைப்பாதையை வைத்துச் சொன்னேன். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏதோ ஒரு வளைவில் ஒரு டீக்கடை இருக்கிறது. அந்தக் கடையால் ஊருக்கு என்ன பயன் என்று தெரிந்துகொள்ள, ஜேசிபி கொண்டுவந்து வளைவையே பெயர்த்துவிட்டால்? கடை போய்விட்டது. கூடவே ஏற்காட்டுக்குப் பால் வண்டி போகவில்லை, மேலே இருந்து காப்பிக்கொட்டை மூட்டையும் இறங்கவில்லை. "ஆகவே ஏற்காட்டுக்குப் பால் கொடுத்து வந்தது அந்த டீக்கடைதான்" என்று யாராவது முடிவெழுதினால் சிரிப்போம். நியூரான்களின் நீண்ட வால்கள் வேறு எங்கோ போகிற வழியில் பல இடங்களைக் கடந்துதான் போகின்றன. இடத்தைப் பொசுக்கினால் கடந்து போகிற வாலும் சேர்ந்து பொசுங்கும். (ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியும் இருக்கிறதே என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.)

அப்புறம் ஐபோடெனிக் அமிலம் போன்றவை வந்தன. நியூரானை அளவுக்கு மீறிக் கிளர்த்தி, அந்தக் களைப்பிலேயே சாகடிப்பவை. கடந்து போகும் வால்களை இவை பெரும்பாலும் விட்டுவிடும். அதாவது சாலை தப்பித்தது. ஆனால் அந்த வளைவில் இருந்த டீக்கடை, பூக்கடை, பஞ்சர் கடை எல்லாமே போயின. டீக்கடையை மட்டும் மூடத் தெரியவில்லை.

இங்கேதான் ஆமணக்கு வருகிறது.

சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆமணக்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சின்னம்மா வீட்டு வரப்பிலும் நாலைந்து செடி நிற்கிறது. "ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டாதே" என்பது அவர் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த வாக்கியம். விளக்கெண்ணெயைக் குழந்தைக்குக்கூடக் கொடுத்தார்கள், எண்ணெய் ஆட்டிய புண்ணாக்கை மட்டும் மாட்டுக்கு வைக்காமல் வயலுக்குப் போட்டார்கள். காரணம் எளிது. ஆமணக்கு முத்தில் இருக்கும் ரிசின் என்ற விஷம் ஒரு புரதம். அது எண்ணெயில் கரையாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதற்கு ரிசின் என்று பெயர் வைத்தவர் ஸ்டில்மார்க் என்ற மாணவர், 1888-ல், இன்று எஸ்டோனியாவில் இருக்கும் தார்த்து பல்கலைக்கழகத்தில்.

ரிசினின் அமைப்பைப் பார்த்தால் இயற்கையின் திருட்டுத்தனம் புரியும். இரண்டு துண்டுகள். ஒன்று சாவி, மற்றொன்று திருடன். சாவித் துண்டு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. செல் அதை ஏதோ வேண்டிய சரக்கு என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் இரண்டாம் துண்டு தனியாகப் பிரிந்து ரைபோசோமைத் தேடிப் போகிறது. செல்லுக்கு வேண்டிய புரதமெல்லாம் ரைபோசோமில்தான் தயாராகிறது. திருடன் அங்கே அடிதடி எதுவும் செய்வதில்லை. ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து அடினைன் என்ற ஒரே ஒரு சின்னத் துண்டைக் கழற்றிவிடுகிறது, அவ்வளவுதான். பெரிய எந்திரத்தில் ஒரு திருகாணியைக் கழற்றுவது போல. 1987-ல் ஜப்பானில் எண்டோ, சுருகி என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். கழற்றிவிட்டு அது ஓய்ந்தும் விடாது, அடுத்த ரைபோசோமுக்குப் போகும். ஒரே மூலக்கூறு ஒரு நிமிடத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களைக் கெடுத்துவிடும். புரதம் செய்ய முடியாத செல் சில நாட்களில் செத்துப்போகும்.

குன்றிமணியும் இதே குடும்பம்தான். பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாக உட்கார்ந்த அதே சிவப்பு மணி. அதிலுள்ள விஷத்துக்கு அப்ரின் என்று பெயர், அதுவும் சாவியும் திருடனுமாகவே வேலை செய்கிறது. 1982-ல் அமெரிக்காவில் ரொனால்ட் வைலியும் அவருடைய சகாக்களும் ரிசின், அப்ரின், அதோடு ஆப்பிரிக்கக் கொடி ஒன்றின் மொடெக்சின் மூன்றையும் நரம்புகளில் செலுத்திப் பார்த்தார்கள். நியூரானுக்கு ஒரு பழக்கம் உண்டு. வால் நுனியில் கிடைப்பதை வால் வழியாகவே உடம்புப் பகுதிவரை இழுத்துக்கொண்டு போகும். விஷத்தையும் அப்படியே இழுத்துக்கொண்டு போய், தன் கையாலேயே தனக்குக் கொள்ளி வைத்துக்கொண்டது. "தற்கொலைக் கடத்தல்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அது நல்ல முன்னேற்றம். ஆனால் ரிசினின் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்துகிற கள்ளச்சாவி. அந்தச் சர்க்கரை கிட்டத்தட்ட எல்லாச் செல்களின் மேலும் இருக்கிறது. ஆகவே எந்த நரம்பில் செலுத்தினோம் என்பதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம், கலந்து கிடப்பவற்றில் இந்த வகை மட்டும் என்று தேர்ந்தெடுக்க முடியாது.

அப்படியென்றால் திருடனை மட்டும் வைத்துக்கொண்டு சாவியை நாமே செய்தால்?

சின்னம்மா இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் துறையின் மொத்த சாமர்த்தியமும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

இதற்குத் தோதாக வந்தது சாபோரின். ஐரோப்பாவில் சோப்பு போல நுரைக்கும் ஒரு செடி உண்டு, நம் பூந்திக்கொட்டை மாதிரி துணி அலச அதைப் பயன்படுத்தினார்கள். அதன் விதையிலிருந்து எடுக்கிற புரதம்தான் சாபோரின். ரைபோசோமில் ரிசின் செய்கிற அதே வேலையை இதுவும் செய்யும். ஆனால் இதற்குப் பிறப்பிலேயே சாவித் துண்டு கிடையாது. செல்லுக்கு வெளியே அது வீடு தெரியாமல் அலைகிற திருடன், யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் உள்ளே நுழைய முடியும். ரிசின் சர்வதேச வேதி ஆயுத ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பொருள். சாபோரின் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி சாவி. ஒவ்வொரு வகை நியூரானின் மேற்பரப்பிலும் சில ஏற்பிகள் உண்டு. செய்தி கொண்டுவரும் மூலக்கூறு வந்து உட்காருகிற இடம் அது. எந்த ஏற்பி எந்த வகையில் இருக்கிறது என்பது வகைக்கு வகை மாறும். அந்த ஏற்பியை மட்டும் பிடிக்கிற ஒரு பொருளோடு சாபோரினை இணைத்துவிட்டால், அந்த ஏற்பி உள்ள செல் மட்டும் அதை உள்ளே இழுக்கும். பக்கத்துச் செல் கண்டுகொள்ளாது.

1991-ல் வைலியின் குழு இப்படி ஒன்றைச் செய்து காட்டியது. மூளையின் அடிப்புறத்தில் முன்பக்கமாக, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள் இருக்கின்றன. அல்சைமர் நோயில் பெருமளவு அழிபவை இவை. எலியில் இந்த நியூரான்கள் பி75 என்ற ஏற்பியைச் சுமக்கின்றன. அந்த ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது, அதன் பெயர் வெறும் 192. அதனோடு சாபோரினைச் சேர்த்தார்கள். எலி மூளையில் செலுத்திக் காத்திருந்தபோது அசிட்டைல்கோலின் நியூரான்கள் போயிருந்தன, அவற்றின் நடுவே கலந்து கிடந்த மற்ற நியூரான்கள் அப்படியே இருந்தன. இந்தச் சாவி வெள்ளெலிக்கு மட்டும்தான் பொருந்தும். சுண்டெலிக்கு வேறு செய்ய வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதற்கு முன்பு ஐபோடெனிக் அமிலம் போன்றவற்றால் அதே இடத்தை அழித்தபோது எலிகளின் கற்கும் திறன் மோசமாகப் பாதிக்கப்பட்டது. "அசிட்டைல்கோலின் போனால் ஞாபகம் போகும்" என்று பலரும் எழுதியிருந்தார்கள். இப்போது அந்த நியூரான்களை மட்டும் எடுத்தபோது, தண்ணீர்த் தொட்டியில் மேடையைத் தேடி நீந்துவது போன்ற ஞாபகச் சோதனைகளில் எலிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சமாளித்தன. கவனத்தைக் குவிக்க வேண்டிய சோதனைகளில்தான் தெளிவாகத் தடுமாறின. டீக்கடை மேல் போட்ட பழியில் பாதி பக்கத்துக் கடைகளுடையதாக இருந்திருக்கிறது. கருவி நுட்பமானதும் கதை மாறிவிட்டது. பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு வரிகூட இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சாவிக்கு எதிர்ப்பொருள்தான் வேண்டும் என்பதில்லை. செய்தி கொண்டுவரும் மூலக்கூறையே சாவியாக்கலாம். வலியைப் பற்றிய ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். தண்டுவடத்தின் மேலடுக்கில் சில நியூரான்கள் சப்ஸ்டன்ஸ் பி என்ற சிறு புரதத்துக்கான ஏற்பியைச் சுமக்கின்றன. 1997-ல் மான்ட்டி என்பவரின் குழு சப்ஸ்டன்ஸ் பி-யோடு சாபோரினைக் கட்டி எலியின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்தியது. பிறகு எலியின் பாதத்தில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைச் செலுத்திப் பார்த்தார்கள். பச்சைமிளகாய் அரைத்த கையில் வெந்நீர் பட்டால் எப்படி இருக்கும் என்று சின்னம்மாவுக்குத் தெரியும். சாதாரணச் சூடே தாங்க முடியாததாகிவிடும். அந்தப் பெருக்கிக் காட்டும் வலி இந்த எலிகளிடம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் சாதாரணமாகச் சுட்டால் காலை இழுத்துக்கொள்வது குறையவில்லை. வலியை உணர்வதும் வலியைப் பெரிதாக்குவதும் வேறு வேறு ஆட்கள் செய்யும் வேலை என்று அப்போது தெரிந்தது. பின்னாளில் எலும்புப் புற்றுநோயால் அவதிப்பட்ட வீட்டு நாய்களுக்கு இதே மருந்தைத் தண்டுவடத் திரவத்தில் கொடுத்து வலி குறைகிறதா என்று பார்த்தார்கள். குறைந்தது. மனிதர்களுக்கும் முதற்கட்டச் சோதனை வரை வந்தது. மார்பினுக்கும் அடங்காத வலியோடு கிடக்கும் ஒருவருக்கு, பலன் நாலைந்து நாளில் தீர்ந்துவிடாமல், நிரந்தரமாக அந்தப் பெருக்கியை மட்டும் கழற்றிவிட முடிந்தால் அது சின்ன விஷயமா?

இதே சப்ஸ்டன்ஸ் பி சாவியை மூளைத்தண்டில் ஒரு சின்ன இடத்தில் பயன்படுத்தியபோது எலிகளின் மூச்சின் தாளம் குலைந்தது. சுவாசத்துக்குத் தாளம் போடுகிற நியூரான்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. 2001-ல் வந்த ஆய்வு அது.

இன்னொரு வழியும் உண்டு. சாவியை மாற்றாமல் பூட்டை மாற்றுவது. தொண்டை அடைப்பான் நோய்க்கிருமியின் டிப்தீரியா விஷமும் சாவி, திருடன் என்ற இரு துண்டு ஆசாமிதான். அதன் திருடன் ஒரு மூலக்கூறு உள்ளே போனாலே செல்லைக் கொன்றுவிடும் என்று 1978-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் சுண்டெலிக்கு அது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது, அதன் செல்லில் இருக்கும் பூட்டு மனிதப் பூட்டிலிருந்து கொஞ்சம் மாறியிருப்பதால். ஆகவே மரபணு மாற்றத்தால் சுண்டெலியின் ஒரு வகை நியூரானில் மட்டும் மனிதப் பூட்டை மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் விஷத்தைச் சாதாரண ஊசியாகப் போட்டாலே போதும். உடம்பெல்லாம் சுற்றி வரும், அந்தப் பூட்டு இருக்கும் வீட்டுக்குள் மட்டும் போகும்.

2005-ல் இப்படிப் பசியைத் தூண்டும் ஒரு வகை நியூரான்களை எடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த சுண்டெலிகள் தீவனத்தைத் தொடாமல் பட்டினி கிடந்தன. அதே நியூரான்களைப் பிறந்த சில நாட்களிலேயே எடுத்துவிட்டால்? அந்தக் குட்டிகள் வளர்ந்து சாதாரணமாகவே சாப்பிட்டன.

குப்பனூர் வழி இதுதான். பெரிய பாதை ஒரு நாள் திடீரென்று அடைபட்டால் ஏற்காடு தவிக்கும். ஆரம்பத்திலிருந்தே அந்தப் பாதை இல்லையென்றால் ஊர் வேறு வழியைச் சுற்றி வளர்ந்திருக்கும். கொலுசுப் பட்டறையிலும் அப்படியே. பற்றவைக்கிறவர் ஒரு நாள் வராவிட்டால் வேலை நாறும். மூன்று மாதம் வராவிட்டால் எடுபிடிப் பையன் பற்றவைக்கக் கற்றுக்கொண்டிருப்பான். வாசலில் நிற்கிற நமக்கு ஒரு குறையும் தெரியாது, அதை வைத்துப் பற்றவைக்கிறவர் தேவையே இல்லாத ஆள் என்று எழுதிவிடுவோம். நிரந்தரமாக எடுத்துவிடுவது இந்த முறையின் பலம், அதுவே இதன் பெரிய ஓட்டையும். அதனால்தான் இப்போது ஒளியாலோ மருந்தாலோ நியூரானைச் சில நிமிடம், சில மணி நேரம் மட்டும் தூங்கவைத்து எழுப்புகிற முறைகளையும் கூடவே வைத்துப் பார்க்கிறார்கள். இருந்தாலும் பார்கின்சன், அல்சைமர் போன்ற நோய்களில் செல் உண்மையாகவே செத்துப்போகிறது. அந்த நிலையை எலியில் உண்டாக்கிப் படிக்க, தூங்கவைப்பது போதாது.

இதையெல்லாம் கேட்ட சின்னம்மா முதலில் கேட்டது, "எலிக்கு வலிக்காதா?" என்றுதான். மயக்கம் கொடுத்துத்தான் அறுவை செய்வார்கள், இந்தியாவில் ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு உண்டு, எத்தனை எலி, எதற்கு, வேறு வழி இல்லையா என்று எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்காமல் தொட முடியாது என்றேன். கடைசியில் அந்த எலியைக் கொன்று மூளையைச் சீவிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. சின்னம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் கேட்டார் பாருங்கள்: "சரி கண்ணு, அந்தச் சாவி வேற வீட்டுப் பூட்டுக்கும் பொருந்திருச்சுன்னா?"

பொருந்தியிருக்கிறது. 192-ஓடு கட்டிய சாபோரினை மூளையின் உட்குழிவுத் திரவத்தில் செலுத்தியபோது, சிறுமூளையில் இருக்கும் புர்கின்யே செல்களிலும் சில செத்தன. பி75 பூட்டு அவற்றின் மேலும் இருக்கிறது. நடையும் சமநிலையும் சிறுமூளை பார்க்கிற வேலை. எலி தடுமாறினால் அது கவனக் குறைவாலா, கால் ஒத்துழைக்காததாலா என்ற குழப்பம் வரும். அதனால் திரவத்தில் விடாமல் வேண்டிய இடத்திலேயே நேராகச் செலுத்திப் பார்க்கிறார்கள். கூடவே இன்னொரு கூட்டம் எலிகளுக்குச் சாவியில்லாத வெறும் சாபோரினையும், எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவியோடு கட்டிய சாபோரினையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். கடைசியில் மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயம் ஏற்றி, போக வேண்டியவை போனதா, இருக்க வேண்டியவை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.

இதைச் சரியாகத்தான் சொன்னேனா என்று உறுதிசெய்துகொள்ள அங்கிருந்தே தங்கச்சிக்குப் போன் போட்டு, அம்மா கேட்ட கேள்வியைச் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு.

"மூணு மாசமா நான் மைக்ராஸ்கோப்புல உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கறது அதைத்தாண்ணா. எங்க சாரும் போன வாரம் இதையேதான் கேட்டாரு. அம்மாகிட்ட சொல்லுங்க, இன்னும் நாப்பது சீவல் பாக்கி இருக்கு."